இரவில் கம்ப்யூட்டரை நிறுத்தினால் தொப்பை குறையுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மவுஸ் பிடிப்பது எப்படி, வைரஸ் வராமல் தடுப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருகிறோம். இரவு எத்தனை மணிக்கு அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதன் பலனை என் உடம்பு அனுபவித்தது.

நான் வசிப்பது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடைபாதை. பௌர்ணமி இரவுகளில் ஊரே நடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, உடல் எடைக்காக டாக்டரிடம் போய் நின்றவன் நான். "சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, இடுப்புச் சுற்றளவைக் குறைத்தே ஆக வேண்டும்" என்றார். சர்க்கரை நோயால் அப்பாவின் கால் விரலை எடுத்த நாள் நினைவுக்கு வந்தது.

உடனே காரியத்தில் இறங்கினேன். இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. தினமும் காலை கிரிவலப் பாதையில் ஒரு மணி நேர நடை. இரண்டு மாதத்தில் எடை மெஷின் 3 கிலோ குறைவாகக் காட்டியது. ஆனால் பேன்ட் மட்டும் பழையபடியே இறுகியது. இன்ச் டேப்பால் அளந்தால் இடுப்பு அரை அங்குலம் கூடக் குறையவில்லை. மீண்டும் டாக்டரிடம் ஓடினேன்.

"ராத்திரி எத்தனை மணிக்கு சார் படுக்கறீங்க?"

"ஒரு மணி, ஒன்றரை ஆகும் டாக்டர். புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன்."

"காலையில?"

"அஞ்சரைக்கு எழுந்து நடக்கப் போயிடுவேன்."

"முதல்ல நல்லா தூங்குங்க. நடையோட பலன் அப்புறம் தெரியும்" என்றார்.

தூங்கினால் உடம்பு பெருக்கும் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? குழப்பத்துடன் வீட்டுக்கு வந்து, அதே கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன்.

குறைந்தது கொழுப்பா, தசையா?

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2010ல் வெளியான ஓர் ஆய்வு என் கதையைத்தான் சொன்னது. அதிக எடை கொண்ட 10 பேருக்கு 14 நாட்கள் அளவான உணவு தந்தார்கள். ஒரு முறை இரவில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இன்னொரு முறை ஐந்தரை மணி நேரம் மட்டும். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 3 கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது குறைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே! மீதியெல்லாம் தசை முதலான, கொழுப்பு அல்லாத பகுதியில் இருந்து போயிருந்தது. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நள்ளிரவுப் பசி ஏன்?

நடுராத்திரியில் சமையலறை டப்பாக்களைத் திறந்து முறுக்கு தேடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். "வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். பசியைத் தூண்டுவது கிரெலின். அதே பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2004ல் வெளியானது. இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுத்தவர்களுக்கு, 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததை விட லெப்டின் 18 சதவீதம் குறைவாகவும், கிரெலின் 28 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. பசியும் 24 சதவீதம் அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022ல் வெளியான ஆய்வில், வழக்கமாக ஆறரை மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கும் 80 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தைக் கூட்ட ஆலோசனை தந்தார்கள். தூக்கம் சுமார் 1.2 மணி நேரம் கூடியது. டயட் எதுவும் சொல்லாமலேயே, மற்ற பிரிவினரோடு ஒப்பிட்டால் இவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள்.

தூங்கினால் மட்டும் தொப்பை கரைந்துவிடாது. உணவுக் கட்டுப்பாடும் நடையும் வீணாகாமல் இருக்கத் தூக்கம் தேவை. பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

கம்ப்யூட்டரையே உதவிக்கு அழையுங்கள்

நான் செய்த மூன்று மாற்றங்களை நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. நைட் லைட்: திரையில் இருந்து வரும் நீல ஒளி, தூக்கத்திற்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என வரிசையாகச் செல்லவும். அங்கு நைட் லைட் இருக்கும். அதைத் திறந்து, நேரம் குறிக்கும் வசதியில் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை என அமைத்திடவும். திரை மஞ்சளாக மாறும். பயப்பட வேண்டாம், மானிட்டர் கெடவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு மணி வரை உட்காராதீர்கள். திரை மஞ்சளானாலும் மூளை விழித்துத்தானே இருக்கும்?

2. ஆட்டோபிளே: யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். "இது ஒன்றுதான்" என்று சொல்லியே நான் பல இரவுகளைத் தொலைத்தேன். பிளேயரின் கீழ்ப் பகுதியில் உள்ள ஆட்டோபிளே ஸ்விட்சைக் கிளிக் செய்து ஆஃப் செய்திடவும்.

3. தூக்கக் கணக்கு: எக்ஸெல்லில் தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், தூங்கிய நேரம் என நான்கு நெட்டு வரிசைகள் அமைக்கவும். இரவு 10:30க்குப் படுத்து காலை 5:30க்கு எழுந்தால், நேரடியாகக் கழிக்கும்போது செல் முழுவதும் வேலிக் குறிகளாக நிரம்பிவிடும். நள்ளிரவைத் தாண்டுவதால் விடை மைனஸில் போவதே காரணம். எனவே சமக்குறி போட்டு, எம், ஓ, டி என மூன்று ஆங்கில எழுத்துகளில் மோட் பங்சனை டைப் செய்யவும். அடைப்புக்குறியைத் திறந்து, எழுந்த நேரம் உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, படுத்த நேரம் உள்ள செல்லைக் கிளிக் செய்யவும். பின் ஒரு கமா, எண் 1. அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டவும். தசம எண் வந்தால், பார்மட் செல்ஸ் சென்று டைம் என மாற்றிடவும். 7:00 எனக் காட்டும்.

முதல் வாரம் என் சராசரி நான்கரை மணி நேரம். பார்த்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது இரவு 10 மணிக்கு ஷட் டவுன். பௌர்ணமியன்று மாலையிலேயே கிரிவலம் கிளம்பி, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறேன். நான்கு மாதத்தில் இடுப்பு ஒன்றரை அங்குலம் இறங்கியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்தது. பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது போன்ற தொல்லைகள் இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை.

இந்தக் கட்டுரையை இரவு பதினொரு மணிக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? புத்தகத்தை மூடிவிட்டுப் படுங்கள். நைட் லைட்டை நாளைக் காலையில் அமைத்துக்கொள்ளலாம்.