அடைக்குப் படுத்த கோழி

வஞ்சி நகரத்தாரும் உறையூராரும் கோழி கூவுவதைக் கேட்டுத் துயிலெழுவார்களாம். மதுரை நகரம் மட்டும் மறை ஓதும் குரல் கேட்டு விழித்தெழுமாம். பரிபாடல் இப்படிப் பெருமை பேசுகிறது. அந்தப் புலவர் ஒரே ஓர் இரவு நாகமலை அடிவாரத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் தங்கியிருந்தால் தம் பாட்டைத் திருத்தி எழுதியிருப்பார். கிழக்கு வெளுப்பதற்கு இரண்டு நாழிகை இருக்கும்போதே இங்கே ஒரு சேவல் ஆரம்பித்து வைக்கும்; மற்றவை விட்ட இடத்திலிருந்து தொடரும். திருப்பரங்குன்றத்து முருகன் தன் கொடியில் ஏற்றிவைத்த பறவையை யார் அதட்டுவது?

பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கும் நமக்கும் கோழிக்கும் சம்பந்தம் ஏற்பட்டது குழந்தைகளால்தான். வீட்டிலேயே முட்டை கிடைக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் செய்ததன் பேரில், திருமங்கலத்துச் சந்தையில் மூன்று பெட்டைக் கோழிகளை வாங்கி வந்தோம். மூன்றும் சிறுவிடை இனம். மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் சிறிய நாட்டுக் கோழி இது. கீரிக்கும் நாய்க்கும் பயந்து கொல்லையில் கம்பிவலை அடித்தோம். பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை என்று புத்தகத்தில் படித்திருந்தபடியால் சேவல் வாங்கவில்லை. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

மறு சித்திரையில் கறுப்பி என்ற கோழி அடைக்குப் படுத்தது. கூட்டை விட்டு எழவில்லை; உடம்பை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டது; கிட்டே போனால் அடித்தொண்டையில் உறுமிக் கையைக் கொத்திற்று. அடியில் ஒன்பது முட்டைகள். "பாவம், தாயாக ஆசைப்படுகிறது, கலைக்க வேண்டாம்" என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்தோம். இருபத்தொரு நாள் கழிந்தது. ஒன்றும் பொரியவில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னும் நான்கு நாள் என்று காத்திருந்தோம். அக்கினி நட்சத்திர வெயில் தகித்தது. கறுப்பி எழுந்து இரை தின்பது நாளுக்கு நாள் குறைந்தது. தெருக்கோடியில் முட்டை விற்றுப் பிழைக்கும் ஆச்சி ஒருநாள் தற்செயலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரய்யா, சேவல் இல்லாத வீட்டுல அடை வச்சிருக்கீக! அது கூமுட்டையில்ல? ஆயுசுக்கும் உக்காந்தாலும் பொரிக்குமா?"

அன்று 35-ஆம் நாள். மறுநாள் காலையில் கறுப்பி முட்டைகளின்மேல் படுத்தபடியே செத்துக் கிடந்தது. தூக்கினால் இறகின் எடைகூட இல்லை. மார்பெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தது. இறகினடியில் பேன் மொய்த்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். "நாம்தானே அதைக் கொன்றோம்?" என்று மகள் கேட்டாள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அறியாமையோடு சேர்ந்த இரக்கம் என்ன செய்யும் என்பதைக் கல்லூரிப் படிப்பு நமக்குக் கற்பிக்கவில்லை. ஒரு கோழி கற்பித்தது. நேயர்களில் எவருக்கேனும் அந்தப் பாடம் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

அடைக்குப் படுப்பது நோயன்று, பிடிவாதமும் அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோன் பெருகும்போது கோழிக்கு இந்த நிலை வருகிறது. அந்தப் பொருளைச் செலுத்தினால் கோழி அடைக்குப் படுக்கிறது என்பதை ஆஸ்கார் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1935-இல் காட்டினார்கள். முட்டைகள் வயிற்றில் படுவதும், கூட்டின் இருட்டும் வெதுவெதுப்பும் அதை வளர்க்கின்றன. வயிற்று இறகு உதிர்ந்து, தோல் நேராக முட்டையில் பட்டுச் சூடு கொடுக்கிறது. முட்டையிடுவது நின்றுவிடுகிறது. தினம் ஒருமுறை கால் மணி நேரம் எழுந்து இரையும் நீரும் கொண்டு, கழித்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். குஞ்சு பொரிந்தால் இந்த நிலை தானாக மாறும். பொரியாவிட்டால், கோழிக்கு நாள் கணக்குத் தெரியாது. கணக்குப் பார்க்க வேண்டியவர் வளர்ப்பவர்தான்.

ஆகவே கோழி படுத்த அன்றே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட வேண்டும். குஞ்சு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாமென்றால் தாமதமின்றி அடையைக் கலைக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் வழங்கும் முறைகள் சில கொடியவை. கோழியின் சொந்த இறகையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் குறுக்கே செருகி விடுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி எடுப்பார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுவார்கள். முதலாவது வெறும் சித்திரவதை. மற்றவற்றில் தண்ணீர் வைத்தியத்துக்குச் சிறிது காரணம் உண்டு: அடிவயிற்றுச் சூடு தணிந்தால் அடை கலையும். ஆனால் முக்காமலே அந்தச் சூட்டைத் தணிக்கலாம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், அடிப்பாகம் கம்பிவலையாகவோ மூங்கில் தப்பையாகவோ உள்ள கூண்டை வைத்து, அதில் கோழியை விட வேண்டும். வைக்கோல் கூடாது, இருட்டும் கூடாது. நிழலான, வெளிச்சமுள்ள இடத்தில் கீழிருந்து காற்று வரட்டும். வயிறாரத் தானியமும் குளிர்ந்த நீரும் வைக்க வேண்டும். முதல் நாளே கவனித்துவிட்டால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் அடை கலைந்துவிடும். நாள் கடந்திருந்தால் பிடிவாதமும் நீளும். பிறகு சில வாரங்களில் மறுபடி முட்டையிடத் தொடங்கும். தினந்தோறும் முட்டையைத் தவறாமல் எடுத்துவிடுவது இவை எல்லாவற்றிற்கும் முந்திய உபாயம்.

குஞ்சு வேண்டுமென்றால் காலமும் முட்டையும் பார்க்க வேண்டும். கடுங்கோடையில் வைத்த முட்டை, அடைக்குப் போகுமுன்பே அரைகுறையாகக் கரு வளர்ந்து கெட்டுவிடுகிறது. தை, மாசி மாதங்கள் மதுரைப் பக்கத்துக்கு நல்லவை. நம் வீட்டுச் செவலை, தெய்வாதீனமாக, தை மாதத்தில் படுத்தது. இந்தத் தடவை நேராக ஆச்சியின் வீட்டுக்குப் போனோம்.

ஆச்சியிடம் சேவல் இருந்தது, முட்டை இருந்தது, அடைக்கோழி இல்லை. நம்மிடம் அடைக்கோழி இருந்தது. நல்ல முட்டை இல்லை. "வாரத்துக்கு வச்சுக்குவோம், வாத்தியாரய்யா. பொரிக்கிறதுல பாதி எனக்கு" என்றார். ஆடு, கோழிகளை வாரத்துக்கு விட்டுக் குட்டியையும் குஞ்சையும் பங்கிடும் வழக்கம் நம் கிராமங்களில் பழமையானது. பத்திரமும் சாட்சியும் கேட்பதில்லை. ஆனால் பதினொரு முட்டையை அடைக்குத் தருவதென்றால் ஆச்சிக்குப் பல நாள் வரும்படியை நம்மிடம் ஒப்படைப்பதாகும். கறுப்பியைக் கொன்ற கையில் அவர் அதை வைத்தார்.

எல்லாம் ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகள், கழுவாதவை. அகன்ற மண்சட்டியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, சந்தடியில்லாத மூலையில் வைத்தோம். பேனுக்காக வேப்பிலையும் சாம்பலும் சேர்த்தோம். ஆச்சி தம் பங்குக்கு ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக் கரியையும் காய்ந்த மிளகாயையும் சட்டியில் போட்டார். இடி இடித்தால் கரு கலையாதாம். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் புத்தகத்தை நம்பி ஒரு தடவை அவமானப்பட்டவர்கள் அன்று வாயைத் திறக்கவில்லை.

இரவில் கோழியை முட்டைமேல் அமர்த்தினோம். தினம் காலையில் நாமே எழுப்பி இறக்கி விட்டுக் கம்பும் சோளமும் நீரும் கொடுத்தோம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தோம். ஒன்பது முட்டைகளில் சிலந்திவலைபோல் சிவந்த நரம்புகள் தெரிந்தன. இரண்டு வெறுமையாக ஒளிவிட்டன. அவற்றை அப்புறப்படுத்தினோம். கடைசி மூன்று நாள் முட்டைகளைத் தொடவேயில்லை. இருபத்தொன்றாம் நாள் விடியலில் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் குரல் கேட்டது. மாலைக்குள் ஒன்பது குஞ்சுகள்!

இவ்வளவு பாடு எதற்கு, முட்டை வேண்டுமானால் நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வருகிறதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இத்தாலியத் துறைமுகமொன்றின் பெயரைத் தாங்கிய லெகார்ன் கோழியின் வழிவந்தவை ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடுகின்றன. நாட்டுக் கோழி அறுபது, எண்பது இட்டாலே அதிகம். அடைக்குப் படுக்கும் குணத்தை மனிதர்கள் தேர்ந்தெடுத்து ஒழித்ததே அந்தப் பெருக்கத்துக்கு ஒரு முக்கிய காரணம். எகிப்தியர் பழங்காலத்திலேயே சூளைகளில் குஞ்சு பொரித்தார்கள். அந்த வித்தையைப் பற்றி 1749-இல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் புத்தகம் எழுதினார். இன்று 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டை மின்சார யந்திரம் காக்கிறது. முட்டையைப் புரட்டுவதும் யந்திரமே. பெரும் பண்ணைக்கு அது சரி. ஆனால் யந்திரமும் மின்சாரமும் இல்லாத ஆச்சியின் குடிசையில், முதலின்றி முதலைப் பெருக்கித் தருவது அடைக்கோழி ஒன்றுதான். பருந்தையும் காக்கையையும் எதிர்த்துக் குஞ்சைக் காப்பதும் அதுவே. நூறு முட்டை குறைந்தாலும் அந்தக் குணம் நம் நாட்டுக் கோழியிடம் நிலைத்திருப்பது ஏழைக்கு ஆஸ்தி.

ஒன்பதைப் பாதியாக்குவது எப்படி? தாயிடமிருந்து பிரிக்கும் பருவம் வரும்வரை எல்லாம் நம் கொல்லைப் பஞ்சாரத்தில் வளர்ந்தன. பிறகு நான்கை ஆச்சிக்கும் ஐந்தை நமக்கும் என்று அவரே பிரித்தார். நம் மகள் அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து ஆச்சியின் கூடையில் விட்டாள். "இது எதுக்குத் தாயி?" என்று கேட்டார் கிழவி.

"கறுப்பிக்காக" என்றாள்.

அந்தக் குஞ்சும் கறுப்பு நிறந்தான்.