பாதையைக் காப்பதே முதல் வேலை

கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் அமைப்பதற்காகத் தமிழ்நாடு சர்க்கார் அனுப்பிய திட்டங்களை மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிய செய்தி வாசகர்கள் யாவரும் அறிந்ததே. மதுரையில் திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். கோவையில் அவினாசி ரோடு, சத்தி ரோடு என இரண்டு மார்க்கங்கள். பல ஆண்டுகள் அளந்து வரைந்த இத்திட்டங்கள் இன்று காகிதமாகவே நிற்கின்றன. கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நாள்தோறும் போய் வரும் ஒருவர், "இது பெரிய பட்டணத்தாரின் வழக்கு, நமக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். நமக்கும் அதில் பங்குண்டு என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை 20 லட்சம் ஜனத்தொகையை ஓர் அளவாக வைத்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவ்விரு நகரங்களும் அந்த அளவுக்குக் குறைந்தவை என்பது மறுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. நகராட்சி எல்லையை மட்டும் பார்த்தால் அது சரியே. ஆனால் ரயிலேறும் பிரயாணி எல்லைக்கல்லைப் பார்த்து ஏறுவதில்லை. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த கோயமுத்தூர் நகரத்தொகுதி அந்த 2011-இலேயே 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கோ ஒத்திவைக்கப்பட்டது. எண்ணாமல் விட்டவர்களே எண்ணிக்கை போதாது என்று கூறுவது விசித்திரமான வாதம். 2011 கணக்கில் 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் இதே கொள்கை வந்த பிறகு அனுமதி கிடைத்தது. ஒரு கட்சிக்காரருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு வேறு சட்டம் என்பதை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

எனினும் கண்டனத் தீர்மானத்தோடு நமது கடமை தீர்ந்துவிடுமா? 20 லட்சம் என்ற வாயிற்படியைக் கடலூரோ சிதம்பரமோ நம் காலத்தில் மிதிக்கப்போவதில்லை. அப்படியாயின் சிறு நகரங்கள் நெரிசலிலேயே கிடக்க வேண்டும் என்பது விதியா? இல்லை. மத்திய சர்க்காரே 2019-இல் 'மெட்ரோலைட்' என்ற இலகு ரயிலுக்கு விதிமுறைகளை வெளியிட்டது. மூன்று பெட்டிகள் கொண்ட சிறு வண்டி, சாலையோரத்தில் தனக்கென ஒதுக்கிய தரைப்பாதை, எளிய நிலையங்கள். ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை செல்லக்கூடிய மார்க்கங்களுக்கு இது போதும் என்றும், செலவு பெரிய மெட்ரோவில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கே ஆகும் என்றும் அப்போது கணக்கிடப்பட்டது. செலவு குறைவதற்கு முக்கிய காரணம் தரையில் ஓடுவதுதான். தரை கிடைக்காவிட்டால் தூணின் மேலேறவோ, சுரங்கத்தில் இறங்கவோ வேண்டும். அக்கணமே 'இலகு' என்ற பெயர் பொய்யாகிவிடும். ஆகவே இலகு ரயில் திட்டத்தின் உயிர்நிலை வண்டியில் இல்லை. அது ஓடுவதற்கு வேண்டிய நிலத்தில் இருக்கிறது.

இந்த உண்மையை நமது மாநிலம் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது. சென்னையில் 1895-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடிய நகரம் அதுவே. 1953-இல் அது நிறுத்தப்பட்டது. தண்டவாளமும் போயிற்று, தண்டவாளம் கிடந்த இடமும் போயிற்று. அதே நகரம் பின்னர் பல்லாயிரம் கோடி ரூபாயைத் தூண்களிலும் சுரங்கங்களிலும் கொட்ட வேண்டியதாயிற்று. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் பறக்கும் ரயில் மார்க்கம் ஐந்து கிலோமீட்டரே. 2008-இல் தொடங்கிய அவ்வேலை, சுமார் 500 மீட்டர் நிலத்தின் வழக்கால் பல்லாண்டுகள் அந்தரத்தில் நின்றது. நமக்கு அண்மையில் மாயவரம்–தரங்கம்பாடி ரயில் 1926-இல் வந்தது, 1986-இல் போயிற்று. மூடுவதற்கு ஒரு உத்தரவு போதும்; மூடிய பாதையை மீண்டும் பெறுவதற்கு ஒரு தலைமுறையும் போதாது.

இனி நமது பக்கம் வருவோம். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. மீட்டர் கேஜாக இருந்த இப்பாதை, சில ஆண்டுகள் ரயிலே இல்லாமல் கிடந்து, 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. பின்னர் மின்மயமும் ஆயிற்று. ஒரு முனையில் 2021-இல் மாநகராட்சியான கடலூரும் அதன் சிப்காட் ஆலைகளும். மறுமுனையில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நடுவே பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் கிள்ளையின் மீனவ கிராமங்களும். மாணவரும் தொழிலாளரும் கூடை சுமக்கும் மீனவப் பெண்களும் செல்ல வேண்டிய வழி இதுவே. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்கு எழுந்தருளும்போதும், தர்காவில் முஸ்லிம் சகோதரர்கள் அவரை வரவேற்கும்போதும் திரளும் ஜனங்கள் எத்தனை பேர்! ஆனால் பாதை இன்னும் ஒற்றைப் பாதையே. எதிரே ஒரு விரைவு வண்டி வந்தால் நமது பாசஞ்சர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கும் வண்டியை நம்பி வேலைக்குப் போகிறவன் யார்?

பெரிய ரயிலின் பாதையில் சிறு ரயில் ஓடலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தார் 1992-இல் ஓட்டிக் காட்டினார்கள். நகரத் தெருவில் ஒரு மின்சாரமும் ரயில் பாதையில் வேறு மின்சாரமும் ஏற்கும் வண்டிகளைச் செய்து, பிரெட்டன் என்ற சிற்றூருக்கு இறங்கி மாறாமல் செல்ல வழி செய்தனர். அதே ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம் இரண்டு பழைய புறநகர் ரயில் பாதைகளையே தனது இலகு ரயிலுக்கு எடுத்துக்கொண்டது. புதுப் பாதை தேடுமுன் இருக்கும் பாதையை முழுதும் பயன்படுத்துவதே விவேகம்.

இப்பகுதிக்கு வேறொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கிள்ளையின் தீவுக் குப்பங்களைச் சூறையாடியது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அலையை எதிர்த்து நிற்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காடு 2022-இல் ராம்சார் தலமாயிற்று. கடலோரமாகப் புதிய பாதை போட்டு அக்காட்டை அறுப்பது கோட்டைச் சுவரை நாமே இடிப்பதற்கு ஒப்பாகும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தஞ்சை ஜில்லா போர்டார் நிலவரியோடு ஒரு சிறு வரியைச் சேர்த்துச் சேமித்து, 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குத் தங்கள் சொந்த ரயிலை விட்டனர். அன்னிய ஆட்சியிலேயே ஓர் உள்ளூர் ஸ்தாபனத்துக்கு அந்த ஆற்றல் இருந்தது. சுயராஜ்யத்தில் நமது ஸ்தாபனங்கள் கை கட்டி நிற்கலாமோ?

ஆகவே நாம் கோருவன இவை. கடலூர்–சிதம்பரம் பாதையை இரட்டையாக்க வேண்டும். அதில் நிலையந்தோறும் நிற்கும் சிறு மின்வண்டிகளைக் குறித்த நேரங்களில் அடிக்கடி விட வேண்டும். அதற்கு வேண்டிய நிலத்தையும், நிலையத்திலிருந்து கடைவீதிக்கும் கல்லூரிக்கும் செல்லும் வழிகளையும் நகர வரைபடத்தில் இன்றே குறித்து, வேறு கட்டடத்துக்கு அனுமதி தரலாகாது. வண்டி பத்தாண்டு கழித்து வரட்டும். கோடு இன்று விழட்டும். கடலூர் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி, கிள்ளைப் பேரூராட்சி மூன்றும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. தொண்டர்கள் வார்டு வார்டாகச் சென்று உறுப்பினர்களைக் கேட்கட்டும். மனை போட்டு விற்றபின் மனு எழுதிப் பயனில்லை.