பதினாறாம் நாளுக்குப் பின்: ஆறாத துயரமும் அதற்கான சிகிச்சையும்

இறப்பு நேர்ந்த வீட்டில் துட்டி கேட்க வருவோரும், கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்களும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவரும் உறவினரும், இழந்தவரைத் தனியே விடாமல் காக்கும் வேலையையே செய்கின்றனர். அந்தக் காவல் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்தோடு கலைந்துவிட, துயரமோ பலருக்கு அதற்குப் பிறகுதான் உறைக்கத் தொடங்குகிறது.

துயரம் நோயன்று. உறக்கமின்மை, பசியின்மை, இறந்தவரின் குரல் கேட்டது போன்ற உணர்வு, 'முன்னமே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமே' என்ற குற்றவுணர்வு ஆகியவை தொடக்கத்தில் இயல்பானவை. பெரும்பாலோரிடம் மருந்தின்றியே தணிபவை. துயரம் ஐந்து படிகளை வரிசையாகக் கடக்கும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு மூலமான எலிசபெத் கூப்ளர்-ராஸின் 1969ஆம் ஆண்டு நூல், இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடமிருந்து உருவானதாகையால், அதைக் கொண்டு இழந்தவரின் அழுகையை அளப்பது பொருந்தாது. மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கமே நடப்புக்கு நெருக்கமானது: இழப்பை எண்ணி உருகுவதற்கும் அன்றாட அலுவல்களைக் கவனிப்பதற்கும் இடையே மனம் மாறிமாறி ஊசலாடுகிறது. காலையில் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிதானமாக வரிசையில் நின்றவர், மாலையில் கொடியில் கிடக்கும் சட்டையைக் கண்டு உடைந்து அழுவதில் முரண் ஏதுமில்லை.

ஆனால் சிலரிடம் இந்த ஊசலாட்டம் நின்றுவிடுகிறது. இறந்தவருக்கான தீராத ஏக்கமும் கடும் மனவலியும் குறைந்தது 6 மாதங்களுக்கு மேல், அவரவர் பண்பாடு இயல்பெனக் கருதும் அளவையும் மீறித் தொடர்ந்து, அன்றாட வாழ்வை முடக்கினால், அதனை 'நீடித்த துயரக் கோளாறு' என உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு வகைப்படுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தோருக்கும், விபத்திலோ தற்கொலையிலோ உறவை இழந்தோருக்கும் இந்த அபாயம் கூடுதல். உடலும் தப்புவதில்லை, இழப்பை அடுத்த நாட்களில் மாரடைப்பு அபாயம் உயர்வதால், காரியப் பரபரப்பில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிடும் முதியவர்களைக் கவனிக்க ஒருவர் வேண்டும். துக்கத்தை மறக்கவென்று மது ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் ஆறுதல் அன்று, கேடு.

இக்கோளாறுக்கெனவே வகுக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சையில், இறப்பு நிகழ்ந்த விதத்தை மீண்டும் மீண்டும் சொல்லவும், தவிர்த்துவந்த இடங்களையும் பொருட்களையும் படிப்படியாக எதிர்கொள்ளவும் நோயாளி பழக்கப்படுகிறார். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் மருந்து உதவும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் தூக்க மாத்திரை அந்த வகையைச் சேராது.

சிகிச்சை சலுகையன்று, உரிமை. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 18ஆம் பிரிவில் அனைவருக்கும் வழங்குகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. எனினும் பல பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே ஏற்பதால், ஆலோசனைக் கட்டணம் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. விவரம் வெளியே கசியாதிருக்கும் உரிமை 23ஆம் பிரிவில் உள்ளது. துயரம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றும் 115ஆம் பிரிவு கூறுவதால், வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கத் தேவையில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தொலைபேசிவழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.