தாரை விமானத்தின் எரிபொருட் பாதை

தாரை விமானத்தின் எரிபொருள் பெரும்பாலும் இறக்கைகளினுள்ளேயே அடங்கியிருக்கும். தாங்கியிலுள்ள பம்பிகள் அதனை எஞ்சினுக்குத் தள்ளும். ஆங்கு உயரமுக்கப் பம்பியொன்று அதன் அமுக்கத்தைப் பன்மடங்காக்க, அளவிடும் வால்வு விமானி வேண்டும் வலுவிற்கேற்ப அதனைப் பகிர்ந்துவிடும். ஈற்றில் தெளிமுனைகள் அதனை நுண்டுளிகளாக்கி எரியறையிற் சொரியும்.

இப்பாதைக்குப் பகை நீரேயாம். ஜெட் ஏ-1 எரிபொருள் -47 பாகை சதம் வரை உறையாது. அதிற் கரைந்துள்ள சிறிதளவு நீரோ குளிரிற் பிரிந்து பனிக்கட்டியாகும். ஆதலின் உயரமுக்கப் பம்பிக்கு முன்னே வெப்பமாற்றி ஒன்று அமைந்துள்ளது. எஞ்சினின் சூடான மசகெண்ணெய் அதிலே எரிபொருளுக்கு வெப்பத்தை ஈந்து, தானும் குளிர்கின்றது.

எனினும், 2008 சனவரி 17இல் பெய்ஜிங்கிலிருந்து இலண்டன் ஹீத்ரோவை அணுகிய போயிங் 777 விமானமொன்றில் இரு எஞ்சின்களும் வேண்டிய வலுவைத் தரவில்லை. விமானம் ஓடுபாதையை எட்டுமுன்னரே தரையில் மோதியது. அதிலிருந்த 152 பேரும் உயிர்தப்பினர். குழாய்களிற் படிந்த பனிக்கட்டி, எரிபொருளோட்டம் மிகுந்தபோது பெயர்ந்து வெப்பமாற்றியின் முகப்பை அடைத்திருக்கவேண்டும் என்பதே ஆய்வாளர் கண்ட முடிபு. முகப்பில் வெளிநீண்டிருந்த நுண்குழாய்முனைகள் பின்னர் மட்டமாக்கப்பட்டன. காவலாக அமைத்த உறுப்பும் ஒருகால் தடையாகலாம் என்பதை அந்நிகழ்ச்சி பொறியியலாளர்க்கு உணர்த்திற்று.