கண்ணீர் வழிந்தாலும் வறட்சிதான்

"கண்ணுல தண்ணியா ஊத்துது டாக்டர், நீங்க என்னடான்னா கண்ணு காஞ்சு போச்சுன்றீங்களே?" காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. கண் உலர்வு நோயின் விசித்திரமே அதுதான்.

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. கருவிழி மேல் ஏறத்தாழ 3 மைக்ரான் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவில், ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. அடியில் அதைக் கண்ணோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள், நடுவில் நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். ஜெர்மன் மருத்துவர் மைபோம் 1666இல் விவரித்ததால் இந்தப் பெயர். இவை அடைத்துக்கொண்டால், நீர் எவ்வளவு சுரந்தாலும் சட்டென்று ஆவியாகிவிடும். படலம் அங்கங்கே கிழிந்து கருவிழி நரம்புகள் உறுத்தும். உடனே மூளை கண்ணீர்ச் சுரப்பியை விரட்டி வேலை வாங்கும். அப்படி ஓடிவரும் நீரில் எண்ணெய் போதாது. அது நிற்காமல் கன்னத்தில் வழியும். கண் உலர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எண்ணெய்க் குறைபாட்டின் பங்கு இருக்கிறது. நீரே சுரக்காதவர்கள் குறைவு.

இதற்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்? கோர்வைச் சேலை நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். குறுக்கிழையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. ஒவ்வொரு ஓட்டத்திலும் அரக்குக் கரையின் இழையும் பச்சை உடலின் இழையும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் சேலையில் தெரியும், கூலியிலும் தெரியும். நெய்பவர் கண் அந்த இணைப்பிலேயே நிலைகுத்தி நிற்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். உற்றுப் பார்க்கும் வேலையில் அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைத்தாலும் பாதிதான் மூடும். சுரப்பிகளைப் பிழிந்து எண்ணெயைப் புதிதாகப் பூசுவது இமைப்புதான் என்பதால், நஷ்டம் இரட்டிப்பு.

ஒரு விஷயத்தில் குழித்தறிக்காரர் கொடுத்துவைத்தவர். பார்வை கீழ்நோக்கி இருப்பதால் இமை பாதி இறங்கி, காற்றுபடும் பரப்பு குறைகிறது. அவர் மகன் கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போடுகிறவராக இருந்தால், நேரே திரையைப் பார்த்து, கண் முழுக்கத் திறந்து, ஏசி காற்றில் உட்கார்ந்திருப்பார். அவர் கண்தான் சீக்கிரம் காயும். ஆனால் அப்பாவுக்கும் முகத்துக்கு நேராக மேசை விசிறி ஓடுகிறதே! குழியின் ஈரம் பாவு இழை அறாமல் காப்பதை அறிந்தவர், கண்ணை விசிறிக்குக் காயப்போடுகிறார். விசிறியைக் காலுக்கு நேரே திருப்பினாலே பாதி எரிச்சல் குறையலாம்.

வேறு காரணங்களும் உண்டு. வயது, மாதவிடாய் நின்றுபோதல், சர்க்கரை நோய், சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரைகள். கண்ணோடு வாயும் உலர்ந்து, தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்கவில்லை என்றால், ஸ்வீடன் மருத்துவர் ஷோக்ரன் 1933இல் விவரித்த நோயாக இருக்கலாம். மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் நிச்சயம் சோதிக்க வேண்டும்.

கண் உலர்வைக் கண்டறியும் சோதனை எளிது. 5 மி.மீ. அகல வடிகட்டித் தாளைக் கீழிமையில் மடித்துச் செருகி ஐந்து நிமிடம் வைப்பார்கள். ஈரம் 5 மி.மீ.கூட ஏறாவிட்டால் நீர்ச் சுரப்பு மோசம். ஷிர்மர் என்பவர் 1903இல் தந்த இந்த முறை இன்றும் ஓடுகிறது. இன்னொன்று, மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்று எண்ணுவது. பத்துக்குள் என்றால் குறைதான்.

சிகிச்சையின் முதல் படி வெந்நீர் ஒத்தடம். உறைந்த எண்ணெய் இளக 40 டிகிரி சூடு வேண்டும், அதுவும் பத்து நிமிடம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல வருட வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும் என்பதால் பலரும் நேரே சொட்டு மருந்துக்குப் போகிறார்கள். அழற்சி இருந்தால் மருத்துவர் சைக்ளோஸ்போரின் தருவார்; பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். கண்ணீர் வடியும் துளையைக் குட்டி சிலிகான் அடைப்பான் வைத்து மூடுவதும் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரையை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அது ஒப்பீட்டுக்குக் கொடுத்த ஆலிவ் எண்ணெயை விஞ்சவில்லை.

செயற்கைக் கண்ணீர் பாதுகாப்பானதுதான், சுத்தமாக இருக்கும்வரை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருப்போரூர்ப் பக்கத்து குளோபல் பார்மா ஹெல்த்கேர் ஆலையில் தயாரான சொட்டு மருந்து, 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. மருந்துக்கு அடங்காத சூடோமோனஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தொற்றியதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், வேறு நால்வருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. தமிழக அதிகாரிகள் தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றார்கள். அமெரிக்க ஆய்வாளர்களோ ஆலையில் கிருமிநீக்க முறைகளில் குறைகளைப் பட்டியலிட்டார்கள். அமெரிக்க அதிகாரிகள் சுட்டிய ஒரு குறை, பலமுறை திறக்கும் பாட்டிலில் போதிய கிருமித்தடுப்பு இல்லாதது.

அதற்காகக் கிருமித்தடுப்பு கலந்த சொட்டை நாளெல்லாம் விட்டுக்கொண்டிருப்பதும் சரியல்ல. அந்த ரசாயனமே கண் பரப்பை அரிக்கும். அடிக்கடி விட வேண்டியவர்கள் ஒருமுறை திறந்து எறியும் குப்பிகளைக் கேட்டு வாங்கலாம். விலை கூடத்தான். பாட்டில் என்றால் திறந்த தேதியை அதிலேயே எழுதிவையுங்கள், முனை இமையில் படக் கூடாது, வீட்டில் மூன்று பேருக்கு ஒரே பாட்டில் கூடவே கூடாது.

பார்வை இழந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இடக்கண் பார்வை திரும்பியது இதே காஞ்சியின் ஏகாம்பரநாதர் சன்னிதியில் என்கிறது பெரியபுராணம். மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு செவந்திருக்கு, ஏதாச்சும் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு அந்த அருள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே கைக்கு வரும் சொட்டு சில சமயம் ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு மறையும், நன்றாயிருக்கிறதே என்று மாதக்கணக்கில் விடுவார்கள். கண் அழுத்தம் வலியில்லாமல் ஏறும். அதில் போன பார்வை திரும்பாது.