மீன்தொட்டியில் வைத்த கன்னம்

வட அமெரிக்காவில் ஒரு சூதாட்ட விடுதி. அங்கே ஒரு மீன்தொட்டி. தண்ணீரின் சூடு, உப்பின் அளவு, மீன்களுக்கு இரை விழும் நேரம் எல்லாவற்றையும் இணையம் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை. 2017-ல் டார்க்ட்ரேஸ் என்ற பிரிட்டன் நாட்டு இணையப் பாதுகாப்பு நிறுவனம், விடுதியின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையை வெளியிட்டது. அந்தத் தொட்டி பின்லாந்தில் இருந்த ஏதோ ஒரு கருவிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. மொத்தம் 10 ஜிகாபைட். தண்ணீர் எத்தனை டிகிரி என்று சொல்ல நாலைந்து எழுத்து போதும். 10 ஜிகாபைட்டில் ஆயிரக்கணக்கான புத்தகங்களை அடக்கிவிடலாம். மீன்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு என்ன இருக்கிறது?

போனது மீன்களைப் பற்றிய தகவல் அல்ல. அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், டார்க்ட்ரேஸின் தலைமைப் பொறுப்பில் இருந்த நிக்கோல் ஈகன் விஷயத்தை உடைத்தார். மீன்தொட்டியின் வெப்பமானி வழியாக உள்ளே நுழைந்தவர்கள், பெரும்பணம் வைத்து ஆடும் வாடிக்கையாளர்களின் பட்டியலைத் தேடிப் பிடித்து, வந்த வழியாகவே வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் திருடர்கள் கையில் கன்னக்கோல் இருக்கும். முன்வாசல் கதவு தேக்கு, பூட்டு திண்டுக்கல் பூட்டு என்றால் அதோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பின்பக்கத்து மண்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கன்னம் வைத்தால் போதும். உள்ளே போய்விட்டால் அடுக்களைக்கும் நகைப்பெட்டி இருக்கும் அறைக்கும் நடுவே பூட்டு கிடையாது. வெப்பமானியில் நடந்ததும் இதுதான். ஆனால், ஒரு வெப்பமானியால் எப்படி ஒரு பட்டியலைத் திருட முடிந்தது?

‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழியோடு வரும் பொருளைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். வைஃபை பல்புக்குள் விளக்கோடு ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம், அலைவரிசையில் பேச ஒரு சிப், இவற்றை ஓட்ட ஒரு மென்பொருள் எல்லாம் இருக்கின்றன. கண்காணிப்புக் கேமரா பலவற்றில் லினக்ஸ் இயங்குதளமே ஓடுகிறது. பெரிய சர்வர்களில் ஓடும் அதே லினக்ஸின் மெலிந்த வடிவம். லென்ஸ் பொருத்திய கணினி என்றே அதைச் சொல்லலாம். திரையும் விசைப்பலகையும் இல்லாததால் நாம் அதைக் கணினியாக நினைப்பதில்லை. அப்டேட் போடு என்று செல்போன் தினமும் நச்சரிக்கும். மாடிப்படி மூலையில் மாட்டிய கேமரா ஒருநாளும் வாய் திறக்காது. தயாரித்த நிறுவனம் அதை மறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும், வாங்கியவரும் மறந்திருப்பார். தேடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் மறப்பதில்லை.

இனி ரவுட்டர். அபார்ட்மென்ட் வாசலில் கறாரான ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். கேட்ட பொருள் வந்தால் உள்ளே விடுவார். யாரும் கேட்காமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டு ரவுட்டரும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு அது கொடுக்கும் 192.168 என்று தொடங்கும் எண்கள் வெளியுலகில் செல்லாது. வெளியிலிருந்து நேராக உங்கள் கணினியின் கதவைத் தட்ட முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் வெளியூரில் இருக்கும்போதும் வீட்டுக் கேமராவைப் பார்க்க நமக்கு ஆசை. அதற்காகச் சில கேமராக்கள் தாமாகவே ரவுட்டரிடம், “எனக்காக ஒரு கதவைத் திறந்து வை” என்று கேட்கும். யூபிஎன்பி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரவுட்டர் திறந்துவிடும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்றே இருந்தால், காவலாளி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

உள்ளே நுழைந்தபின் நடப்பதுதான் முக்கியம். செல்போனில் ஓடும் படத்தை டிவிக்கு மாற்ற ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். வரவேற்பறை டிவியின் பெயர் உடனே தோன்றுகிறது. செல்போனுக்கு அது எப்படித் தெரிந்தது? வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அது ஒரு குரல் கொடுத்தது: “படம் காட்டத் தெரிந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?” டிவி பதில் சொன்னது: “நான் இருக்கிறேன், என் பெயர் இது, முகவரி இது.” பிரிண்டரும் இப்படித்தான் தன்னை அறிவிக்கிறது. “நீ யார்?” என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் இந்தப் பேச்சில் இல்லை. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்ற எண்ணத்தில் உருவான ஏற்பாடு இது. கைப்பற்றப்பட்ட பல்பு அதே குரலைக் கொடுத்தாலும் அதே பதில்தான் வரும். சில நொடிகளில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் திருடன் கையில். அதன்பிறகு ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

2019-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு தகவல் இதை அப்படியே காட்டியது. ரஷ்யாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஓர் ஊடுருவல் குழு சில நிறுவனங்களுக்குள் நுழையத் தேர்ந்தெடுத்த வழிகள் மூன்று: ஒரு மேசைத் தொலைபேசி, ஓர் அலுவலகப் பிரிண்டர், ஒரு வீடியோ டிகோடர். இரண்டு இடங்களில் ஆரம்பக் கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை. மூன்றாவதில் அப்டேட் போடவில்லை. பிரிண்டரில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே நின்றுகொண்டு மற்ற கணினிகளை நோட்டம் விட்டார்கள், அவ்வளவுதான்.

எஸ்-ஆர்எம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025-ல் சொன்ன சம்பவம் இன்னும் விசித்திரம். அகிரா என்ற மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் ஒரு நிறுவனத்துக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. கோப்புகளைப் பூட்டும் மென்பொருளை விண்டோஸ் சர்வரில் இறக்கியபோது, அங்கிருந்த பாதுகாப்புச் செயலி அதைப் பிடித்து ஒதுக்கிவிட்டது. கும்பல் திரும்பிப் போகவில்லை. வலையமைப்பைத் துழாவியது, ஒரு வெப்கேமரா கண்ணில் பட்டது. அதில் ஓடியது லினக்ஸ். காவலுக்கு எந்தச் செயலியும் இல்லை. கேமராவுக்குள் உட்கார்ந்துகொண்டு, வலையமைப்பு வழியாகவே மற்ற கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். எல்லாக் கணினிக்கும் காவல் போட்ட நிறுவனம், கேமராவும் கணினிதான் என்பதை மட்டும் எண்ணிக்கையில் விட்டுவிட்டது.

சாமர்த்தியத்தில் இவற்றையெல்லாம் மிஞ்சியது ஒரு பல்பு. செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020-ல் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளில் செய்து காட்டிய சோதனை அது. இந்தப் பல்புகள் வைஃபையில் பேசுவதில்லை. ஜிக்பீ என்ற வேறு அலைமொழியில் ‘பிரிட்ஜ்’ என்ற சிறு பெட்டியோடு பேசும். அந்தப் பெட்டிதான் வீட்டு வலையமைப்போடு இணைந்திருக்கும். ஆய்வாளர்கள் முதலில் ஒரு பல்பைப் பிடித்தார்கள். அதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் தாறுமாறாக மாற்றினார்கள். பல்பு கெட்டுவிட்டது என்று நினைக்கும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஆப்பிலிருந்து அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பார். அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். மீண்டும் சேர்க்கும் அந்தத் தருணத்தில், பிரிட்ஜ் தாங்கும் அளவை மீறிய தகவலைப் பல்பு கொட்டியது. பிரிட்ஜின் நினைவகம் நிரம்பி வழிந்தது. வழிந்த இடத்தில் அவர்களுடைய கட்டளை போய் உட்கார்ந்தது. பல்பிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து வீட்டின் கணினிகளுக்கு வழி திறந்துவிட்டது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், விவரம் வெளிவருமுன்பே பிலிப்ஸ் தரப்பு ஓட்டையை அடைத்துவிட்டது. மென்பொருளில் இருந்த பிழையோடு, எதையும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம் பழக்கமும் அந்தத் திட்டத்தில் ஒரு படிக்கட்டாக இருந்தது.

உள்ளே நுழைந்தவர்கள் வீட்டுக்காரரைத்தான் திருட வேண்டும் என்பதில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எனப் பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஒரே நேரத்தில் ஏராளமான கருவிகள் மொய்த்ததே காரணம். பெரும்பாலும் கேமராக்கள், ரவுட்டர்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள். ‘மிராய்’ என்ற தீநிரல் அவற்றைப் பிடிக்கப் பயன்படுத்தியது, 60 சொச்சம் ஆரம்பக் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அதை எழுதிய மூன்று இளைஞர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் போட்டியில் ஆதாயம் தேடித் தொடங்கிய காரியம் அது என்பது பின்னர் தெரிந்தது.

இதுபோன்ற கதைகளால் சட்டங்கள் மெல்ல அசைந்தன. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலில் தடைசெய்தது. எத்தனை காலம் அப்டேட் தருவோம் என்று வாங்குபவரிடம் சொல்வதையும் கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பவற்றை எந்தச் சட்டமும் வந்து கழற்றப்போவதில்லை.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பயனுள்ளது. ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுவது. ரவுட்டரில் யூபிஎன்பியை அணைப்பது. அப்டேட் நின்றுபோன கருவியை வலையமைப்பிலிருந்து விலக்குவது. இவற்றைவிடவும் முக்கியமான ஒன்றை நம் பழைய வீடுகள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தன. வழிப்போக்கருக்கு அங்கே திண்ணை உண்டு. உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், படுத்துத் தூங்கவும் செய்யலாம். நடைக்கதவைத் தாண்டி உள்ளே வர முடியாது. அவரைத் திருடன் என்று யாரும் சந்தேகப்படவில்லை. யாரென்று தெரியாது, அதனால் அந்த இடம்.

இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் ‘கெஸ்ட்’ என்ற பெயரில் அந்தத் திண்ணை இருக்கிறது. விருந்தாளியின் செல்போனுக்கென்று வைத்த இந்தத் தனி வைஃபையில் பல்பையும் கேமராவையும் டிவியையும் சேர்த்துவிட்டால், அவை இணையத்தைப் பார்க்கும். உங்கள் கணினியைப் பார்க்காது. கொஞ்சம் வசதி குறையும். செல்போன் குரல் கொடுத்தவுடன் டிவி பதில் சொல்லாது. அந்தக் குரலுக்கு யார் வேண்டுமானாலும் பதில் வாங்கலாம் என்பதுதானே சிக்கலின் வேரே.

மீன்தொட்டி வைக்கத் திண்ணையில் இடம் தாராளமாக உண்டு.