குளிர்ந்த நீரைத் தேடி ஒரு பயணம்

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காரியத்தையும் செய்து முடிப்பதற்கு முன்பே நேயர்களிடம் சொல்லிவிடுவோம். கடந்த ஜனவரியில் நியூசிலாந்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் காலை நிகழ்ச்சியில் நானும் அப்படித்தான் சொன்னேன்: "என் கை நீளத்துக்கு ஒரு டிரவுட் மீனைப் பிடிச்சு, உங்களுக்குப் படம் காட்டுறேன், பாருங்க!"

மீனைப் பிடித்தேன். படமும் எடுத்தேன். ஆனால் அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

என் அக்கா குடும்பம் ஹாமில்டன் நகரில் இருக்கிறது. அத்தான் பேராக்கில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் பழைய ஈயக் குட்டைகளில் மண்புழுவைக் கோத்து விரால் மீன் பிடித்த கை அது. அங்கே குடியேறிய பிறகு ஃபிளை ஃபிஷிங் கற்றுக்கொண்டார். இறகையும் ரோமத்தையும் நூலால் முள்ளில் கட்டி, பார்ப்பதற்கு ஒரு பூச்சிபோலச் செய்துவிடுகிறார்கள். அதுதான் 'ஃபிளை'. அதற்கு எடையே கிடையாது. அதனால் நம் ஊரில்போல ஈயக் குண்டின் பலத்தில் வீச முடியாது. தூண்டில் கயிறே தடிமனாக, எடையோடு இருக்கும். அந்தக் கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, பூச்சியை மெதுவாகத் தண்ணீரில் இறக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் நான் பிடித்ததெல்லாம் என் தொப்பியையும் பின்னால் இருந்த மரத்தையும்தான்!

முதல் நாள் நடந்தது

நாங்கள் போனது வைஹோ ஆறு. ஹாமில்டனுக்குக் கிழக்கே, மாமக்கு மேட்டுநிலத்தின் அடிவாரத்தில் ஊற்றெடுத்து, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே வடக்கு நோக்கி ஓடிக் கடலில் சேர்கிறது. முதல் நாள், வீட்டிலிருந்து போக வசதியாக இருக்கிறதே என்று ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போனோம். நல்ல வெயில். தண்ணீரில் கால் வைத்தபோது இதமாக இருந்தது. நம் ஊர் ஆறுபோல இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். அதுவே ஓர் எச்சரிக்கை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு ரெயின்போ டிரவுட் மாட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவசரப்படாமல், பயந்து பயந்து, நெடுநேரம் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். பிறகு படம். ஒன்று வெயிலுக்கு எதிராக விழுந்துவிட்டது, இன்னொன்று. அதில் என் கண் மூடியிருந்தது, இன்னும் ஒன்று. கடைசியில் தண்ணீரில் விட்டபோது மீன் நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. அத்தான் ஓடிவந்து அதை நிமிர்த்தி, ஓட்டத்துக்கு எதிராகத் தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். செவுள் இரண்டு மூன்று தடவை அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

அத்தான் பையிலிருந்து ஒரு சிறிய வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். 21 டிகிரி.

"இதை நான் காலையிலேயே பார்த்திருக்கணும், தம்பி. என் தப்பு" என்றார். படம் பிடிக்கச் சொல்லி நச்சரித்தவன் நான். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதுதான் கூடுதலாக வலித்தது. மீனை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அக்கா சம்பால் வைத்தார். மேசையில் அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

வெப்பமானி சொல்லும் கதை

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் அதிகம். 11 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 21 டிகிரியில் அது 9 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைந்துவிடும். அதே நேரத்தில், வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்குப் பிராணவாயு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. அந்த நிலையில் தூண்டிலில் போராடி, களைத்து, வெளிக்காற்றிலும் பிடித்து வைக்கப்பட்ட மீன், விட்டாலும் பிழைப்பது கடினம். 20 டிகிரியை நெருங்கினாலே தூண்டிலை மடக்கிவிடுவதுதான் நல்ல மீன்பிடிப்பாளர்களின் வழக்கம்.

அப்படியானால் கோடையில் எங்கே போவது? "ஊத்துத் தண்ணி இருக்கிற இடத்துக்குப் போகணும். நாளைக்கு மீனைத் தேட வேணாம், குளிர்ச்சியைத் தேடுவோம்" என்றார் அத்தான்.

மறுநாள் வெப்பமானியோடு ஆற்றின் மேற்பகுதியை நோக்கிப் புறப்பட்டோம். பாலத்துக்குப் பாலம் இறங்கி அளந்தோம். மேலே போகப் போக எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஊற்றுநீர்ப் பகுதியைக் கண்டுபிடிக்க அத்தான் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் இவை:

முதலில், கரையைப் பார்க்க வேண்டும். மழைநீரை நம்பும் ஆற்றில் வெள்ளம் வந்து போன தடம் இருக்கும். கிளைகளில் குப்பை தொங்கும், கூழாங்கற்கள் குவிந்து கிடக்கும். ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால், புல் தண்ணீரின் விளிம்பு வரை வளர்ந்திருக்கும்.

அடுத்து, செடிகள். நம் ஊரில் சீனர்கள் சூப் வைக்கும் வாட்டர்கிரெஸ் கீரை கரையோரம் பச்சைப் பசேலென்று அடர்ந்திருந்தால், பக்கத்தில் ஊற்று இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீருக்கு அடியில் நீண்ட பாசிச்செடிகள் கூந்தல்போல அசைந்துகொண்டிருக்கும். வெள்ளம் அடித்துப்போகாத இடத்தில்தான் அவை அப்படி வளரும்.

மூன்றாவது, மணல். அடியில் மணல் பொங்கிப் பொங்கி அடங்கினால் அங்கே தண்ணீர் கீழிருந்து வருகிறது. சில ஊற்றுகள் கண்ணுக்கே தெரியாது. ஆற்றில் நடக்கும்போது ஒரு கணுக்காலில் மட்டும் 'சில்'லென்று இருக்கும். உடனே வெப்பமானியை இரு கரையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்திலும் ஒரு குறிப்பு கிடைக்கும். எங்கிருந்தோ மெல்லிய கோடாக வராமல், திடீரென்று பாதி வழியில் தொடங்கும் ஓடை பெரும்பாலும் ஊற்றோடைதான்.

நூறு ஆண்டு பழைய மழை

அன்று மதியம் புத்தாருரு ஊருக்கு அருகே உள்ள நீல ஊற்றுக்குப் போனோம். தே வைஹோ நடைபாதை என்று பெயர். மொத்தம் 4.7 கிலோமீட்டர். சிறு பிள்ளைகளும் நடக்கலாம்.

அந்த நீலத்தை எப்படிச் சொல்வது? வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் அதுவல்லவாம். மிகத் தூய்மையான நீர் ஒளியின் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால் மீதமுள்ள நீலமும் பச்சையும் நம் கண்ணுக்கு வருகின்றன. மாமக்கு மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, 50 முதல் 100 ஆண்டுகள் வரை நிலத்தடியில் ஊர்ந்து இங்கே வெளிவருகிறது. என் தாத்தா பிறப்பதற்கு முன் பெய்த மழைகூட அதில் கலந்திருக்கலாம். நிமிடத்துக்கு 42 கன மீட்டர் நீர், கோடையோ குளிர்காலமோ, 11 டிகிரியிலேயே வருகிறது. நியூசிலாந்தின் போத்தல் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஊற்றுநீர்தான்.

தெளிந்த நீரில் டிரவுட் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பது போலத் தெரிந்தன. ஊற்றில் யாரும் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. நாங்களும் அங்கே தூண்டிலை எடுக்கவில்லை. அக்கா மகள் தடுப்புக் கட்டையில் தாடையை வைத்துக்கொண்டு மீன்களை எண்ணினாள். பேசியே பிழைக்கும் நான் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை.

படம் எடுக்காத மீன்

மூன்றாம் நாள், கீழே ஒரு பண்ணையில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஆற்றில் இறங்கினோம். வெப்பமானி 13 டிகிரி காட்டியது. ஊற்றுநீரில் மீன் பிடிப்பது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு மீன் தெரிகிற அளவுக்கு மீனுக்கும் நாம் தெரிவோம். மங்கிய நிறச் சட்டை, குனிந்த நடை, மீனின் பின்பக்கமிருந்து நெருங்குவது, நுனியில் மெல்லிய நரம்பு என்று எல்லாம் கூடி வர வேண்டும். பூச்சி, தண்ணீர் ஓடும் அதே வேகத்தில் மிதந்து வர வேண்டும். கயிறு கொஞ்சம் இழுத்தாலும் மீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மாலையில் ஒன்று வந்தது. இம்முறை முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்தேன். விரைவாக இழுத்து, கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றினேன். ஒரு வாலடி. முகமெல்லாம் தண்ணீர். மீனைக் காணோம்.

"படம்?" என்றார் அத்தான், சிரித்துக்கொண்டே.

"வேணாம் அத்தான்."

போக நினைப்பவர்களுக்கு

டிரவுட் நியூசிலாந்தின் பூர்வீக மீன் அல்ல. பழுப்பு டிரவுட் 1867-இல் தாஸ்மேனியா வழியாகவும், ரெயின்போ 1883-இல் கலிபோர்னியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டன. நீலகிரி அவலாஞ்சியிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் டிரவுட்டை விட்டவர்கள் அதே வெள்ளைக்காரர்கள்தாம். நியூசிலாந்தில் டிரவுட்டை விலைக்கு விற்பது சட்டப்படி குற்றம். அதனால் உணவகத்தில் தேட வேண்டாம். பிடிப்பதற்கு 'ஃபிஷ் அண்ட் கேம்' அமைப்பின் உரிமம் தேவை. ஒரு நாள் உரிமமும் உண்டு. எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் எத்தனை மீன் என்ற விதிமுறைகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

பயன்படுத்திய தூண்டில், காலணி எதையும் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். 2004-இல் தென் தீவில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அங்கே மிகவும் கவனமாக இருக்கிறார்கள். கம்பளி அடிப்பாகம் வைத்த காலணிகளுக்கு ஆற்றில் தடையும் விதித்தார்கள். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் சோதித்து, கழுவி, உலர்த்த வேண்டும்.

இன்னொன்றையும் அத்தான் சொன்னார். கடும் வெயிலில் ஆறு முழுவதும் சூடாகி, ஒரு சிறிய ஊற்றின் வாயில் மட்டும் மீன்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால், அங்கே தூண்டில் போடாதீர்கள். அவை உயிர் பிழைக்க வந்து நிற்கும் இடம் அது. ஆறே குளிர்ந்து ஓடும் பகுதி வேறு, இது வேறு.

ஊர் திரும்பியதும் நேயர்கள் கேட்ட முதல் கேள்வி, "படம் எங்கே?" அன்றைய நிகழ்ச்சியில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். புறப்படும்போது அத்தான் தன் வெப்பமானியை என் பையில் போட்டுவிட்டார். நம் தாமான் நெகாராவில் கெலா மீன்களுக்கென்று பாதுகாக்கப்பட்ட லுபோக் தெனோர் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறேன். தூண்டில் வீட்டிலேயே இருக்கும். வெப்பமானி மட்டும் வரும்.